கொச்சியும் டெல் அவீவும்

கொச்சியை அடுத்த நெடும்பாசேரி விமான நிலையத்திலிருந்து இஸ்ரேல் நாட்டு டெல் அவீவ் விமான நிலையம் நேர்கோட்டில் ஏறத்தாழ 4,900 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மணிக்கு 850 கிலோமீட்டர் பறக்கும் விமானம் ஆறு மணி நேரத்திற்குள் கடந்துவிடும் என்று கணக்குச் சொல்லும். ஆயின் இவ்வழியில் கணக்கு பலித்தது அரிது. மட்டாஞ்சேரி யூதர் வீதியின் வரலாறே இதற்குச் சான்று.

செங்கடல் வாயிலிலுள்ள ஒக்கேலிஸ் துறையிலிருந்து பருவக்காற்றைப் பற்றிப் புறப்பட்ட கலம் 40 நாளில் முசிறியை எய்தியது என்று முதல் நூற்றாண்டில் ரோமானியர் பிளினி எழுதினார். நம் சங்கப் புலவர் பாடிய முசிறியே அது. திரும்பிச் செல்வதற்கோ காற்று திசை மாறும்வரை மாதக்கணக்கில் காத்திருத்தல் வேண்டும். அயலார் பலர் இக்கரையில் வேர்கொண்டதற்கு அக்காத்திருப்பும் ஒரு காரணம் என்றே நாம் கருதுகிறோம். யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்குச் சேர மன்னர் பாஸ்கர ரவி சுமார் 1000-ஆம் ஆண்டில் முயிரிக்கோட்டில் வழங்கிய வட்டெழுத்துச் செப்பேடுகள் மட்டாஞ்சேரியில் காக்கப்பட்டு வந்தன. அங்கே அரண்மனையை ஒட்டி 1568-இல் எழுந்த யூதத் தொழுகைக்கூடத்திற்குப் பரதேசிக் கூடம் என்று பெயர். அயல்நாட்டார் என்பதே அங்குப் பொருள். நம் பேச்சு வழக்கில்தான் அச்சொல் இரவலர் என இழிந்தது. ஊர்விட்டு வாழும் நேயர்கள் இதனை அறிவர்.

1948-இல் இஸ்ரேல் அமைந்ததும் கொச்சி யூதர் பலர் அங்குச் செல்ல விழைந்தனர். ரயிலில் பம்பாய் சென்று விமானம் ஏறினால் சில நாட்களில் பயணம் முடிந்துவிடும். ஆயினும் ஆண்டுகள் பல கழிந்தன. கொச்சிக் கரையில் மிகுந்திருந்த யானைக்கால் நோய் தம் நாட்டிலும் பரவுமோ என இஸ்ரேல் சுகாதார அதிகாரிகள் அஞ்சியதே காரணம். புறப்படும் நம்பிக்கையில் உடைமைகளை விற்றவர்கள், வீடும் இன்றி விமானமும் இன்றித் திகைத்தனர். தடை நீங்கியபின், 1954, 1955-ஆம் ஆண்டுகளில் பெரும்பாலோர் புறப்பட்டனர். நெகேவ் பாலையிலுள்ள நெவாதிம் அவர்களின் குடியிருப்புகளுள் ஒன்றாயிற்று.

பிற்காலத்திலும் வழி நேராகவில்லை. சவூதி அரேபிய வானம் மூடியிருந்தமையால், பம்பாயிலிருந்து சென்ற இஸ்ரேல் விமானங்கள் செங்கடல் வழியே சுற்றிச் சென்றன. 2018 மார்ச் 22-இல் ஏர் இந்தியாவின் டெல்லி விமானம் அவ்வானத்தைக் கடந்தபோது ஏறத்தாழ 2 மணி நேரம் மிச்சமாயிற்று. அன்று காற்று வகுத்த காலத்தைப் பின்னர் அரசுகள் வகுத்தன.

மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் தொழுகைக்கூடமும் இவ்வழியே குடிபெயர்ந்தது. அதன் உள்மரவேலைப்பாடுகள் 1991-இல் எருசலேம் கொண்டுசெல்லப்பட்டு, இன்று இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் உள்ளன. இங்கு எஞ்சிய வெற்றுக் கட்டடத்தின் முகப்பு 2019 செப்டம்பர் மழையில் இடிந்து வீழ்ந்தது.