வேம்பயர் (நாசகாரிக் கப்பல்)

முதல் உலகப் போருக்காகப் பிரிட்டனில் கட்டப்பட்டு, இரண்டாம் உலகப் போரில் மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய நாசகாரிக் கப்பல் வேம்பயர். ஐல் ஆஃப் வைட் தீவில், கவ்ஸ் நகரின் ஜே. சாமுவேல் ஒயிட் நிறுவனம் இதைக் கட்டியது. 1917 மே 21 அன்று கடலில் இறக்கப்பட்டது. நான்கு 4 அங்குலப் பீரங்கிகளும் டார்பிடோக் குழாய்களும் கொண்டது. 34 நாட் வேகத்தில் ஓடக்கூடியது.

1933இல் ஆஸ்திரேலியக் கடற்படைக்குக் கைமாறிய ஐந்து பழைய கப்பல்களில் இதுவும் ஒன்று. இவை மத்தியதரைக் கடலில் போரிட்டபோது, பழைய இரும்புக் கூட்டம் என்று ஜெர்மன் வானொலி ஏளனம் செய்தது. மாலுமிகள் அதையே பட்டமாகச் சூடிக்கொண்டனர். கிரீஸிலிருந்து படைகளை மீட்டதிலும், முற்றுகைக்குள்ளான லிபியாவின் தொப்ருக்குக்குப் பொருள் கொண்டுசென்றதிலும் வேம்பயருக்குப் பங்குண்டு.

1941 டிசம்பர் 10 அன்று மலாயாவின் கிழக்குக் கடலில் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' ஆகிய பெரும் போர்க்கப்பல்களை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. துணைக்குச் சென்றிருந்த வேம்பயர் 225 பேரைக் கரைசேர்த்தது. ரிபல்ஸின் தளபதி டென்னன்ட் அவர்களில் ஒருவர். அடுத்த மாதம் மலாயாவின் எண்டாவில் நடந்த இரவுச் சண்டையில் உடன்சென்ற நாசகாரி 'தானெட்' அழிந்தது, வேம்பயர் தப்பியது.

பிறகு இலங்கை. 1942 ஏப்ரல் 8 இரவு, ஜப்பானியத் தாக்குதல் வரப்போவதை அறிந்து, விமானந்தாங்கிக் கப்பலான 'ஹெர்மீஸ்' திருகோணமலையை விட்டுத் தெற்கே கிளம்பியது, காவலுக்கு வேம்பயர். மறுநாள் காலை திருகோணமலை தாக்கப்பட்டது. மட்டக்களப்புக்கு அப்பால் இவ்விரு கப்பல்களையும் ஜப்பானியர் கண்டுகொண்டனர். ஹெர்மீஸில் அன்று ஒரு விமானம்கூட இல்லை. உதவிக்கு அழைத்த போர் விமானங்களும் நேரத்துக்கு வந்துசேரவில்லை. வான்காவல் இல்லாத கப்பல் என்ன ஆகும் என்பதை நான்கு மாதம் முன்பே மலாயாக் கடலில் பார்த்திருந்தும் அதே தவறு மீண்டும் நடந்தது. இதை வெறும் துரதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஜப்பானிய விமானங்களின் குண்டுவீச்சில் ஹெர்மீஸ் மூழ்கியது, அதில் 307 பேர் மாண்டனர். சற்று நேரத்தில் வேம்பயரும் குண்டடிபட்டு இரண்டாகப் பிளந்தது. தளபதி வில்லியம் மோரனும் மாலுமிகள் சிலரும் உயிரிழந்தனர். அவ்வழியே வந்த 'வீட்டா' என்ற மருத்துவமனைக் கப்பல் இரு கப்பல்களிலிருந்தும் ஏறத்தாழ 600 பேரை மீட்டுக் கொழும்புக்குக் கொண்டுசென்றது.

ஹெர்மீஸின் சிதைவைக் காண ஆழ்கடல் நீச்சல்காரர்கள் இன்றும் மட்டக்களப்புக்கு வருகிறார்கள். அதன் காவலாகச் சென்று அழிந்த வேம்பயரை அங்கே பேசுவோர் குறைவு. ஆஸ்திரேலியா மறக்கவில்லை: 1959இல் சேவைக்கு வந்த புதிய நாசகாரிக்கு அதே பெயரைச் சூட்டியது. அக்கப்பல் இப்போது சிட்னியின் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் பொதுமக்கள் பார்வைக்கு நிற்கிறது.