ஆர்ச் லினக்ஸ் பிறந்த கதை

கொழும்பில் வேலை செய்யும் அண்ணன் லயத்துக்கு வாங்கி அனுப்பும் மடிக்கணினி பெரும்பாலும் யாரோ பாவித்தது. அத்தகைய பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அது கேட்கும் பாதுகாப்புச் சில்லு அவற்றில் இருக்காது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவையும் மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. லினக்ஸுக்கு மாறலாமா, அதிலும் கையால் கட்டியெழுப்பும் ஆர்ச்சுக்குப் போகலாமா என்று யோசிக்கும் ஹட்டன், நுவரெலியா மாணவர்கள் முதலில் அது பிறந்த கதையை அறிய வேண்டும். அது நம்மிடம் என்ன எதிர்பார்க்கிறது என்பது அந்தக் கதையிலேயே இருக்கிறது.

1991 ஓகஸ்டில், ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தாம் எழுதிவரும் பணிசெயல் முறைமையைப் பற்றி உலகுக்கு அறிவித்தார். அவர் எழுதியது லினக்ஸ் எனும் கருனி, அதாவது முறைமையின் மையப்பகுதி மட்டுமே. அதைச் சுற்றி வேண்டிய கருவிகள் பலவற்றை, ரிச்சர்ட் ஸ்டோல்மன் 1983இல் அறிவித்த குனூ திட்டம் ஏற்கெனவே ஆக்கியிருந்தது. இரண்டையும் சேர்த்துத் தொகுத்துக் கொடுக்கப் பலர் முன்வந்தார்கள். 1993 ஜூலையில் பட்ரிக் வோல்கர்டிங் ஸ்லாக்வெயாரை வெளியிட்டார். பின்னர் பேர் லிடேன் உருவாக்கிய குரக்ஸ் வந்தது. இரண்டுமே எளியவை, எதையும் மறைக்காதவை.

அந்த எளிமை கனடிய நிரலாளர் ஜட் வினெட்டுக்குப் பிடித்திருந்தது. மென்பொருள் பொதிகளை நிர்வகிக்கும் வசதி போதாது என்பதே அவருடைய குறை. ஒரு மென்பொருளை நிறுவினால் அது சார்ந்திருக்கும் மற்றவையும் தாமாக வந்து சேர வேண்டும். அந்த வேலைக்காக அவரே பேக்மேன் என்ற கருவியை எழுதினார். 2002 மார்ச் 11 அன்று ஆர்ச் லினக்ஸ் 0.1 வெளிவந்தது. தமக்கு நேரம் போதாமற்போகவே, 2007 ஒக்டோபரில் பொறுப்பை எரன் கிரிஃபினிடம் கொடுத்தார். இன்றும் தன்னார்வலர்களே அதை நடத்துகிறார்கள்.

கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடிபோல, தேவையானதை மட்டும் நிறுத்திவைத்துத்தான் ஆர்ச் தொடங்குகிறது. கருந்திரையில் ஒரு கட்டளை வரி மாத்திரம் தெரியும். வட்டைப் பிரிப்பது, அடிப்படைப் பொதிகளை இறக்குவது, தொடக்க நிரலை அமைப்பது எல்லாம் உங்கள் வேலை. 2021இல் வழிகாட்டி நிறுவியொன்று சேர்ந்தாலும், முதன்முறை கையாலேயே செய்யுங்கள். ஒவ்வொரு படியும் என்ன செய்கிறது என்று அப்போதுதான் புரியும்.

சில ஏற்பாடுகள் அவசியம். உங்கள் கணினி 64 பிட் வகையா என்று பாருங்கள். 32 பிட் கணினிகளுக்கான ஆதரவு 2017இல் முடிந்தது. வீட்டில் இருப்பது ஒரே கணினியென்றால் விண்டோஸை அழிக்காமல், அதற்குள்ளேயே ஒரு மெய்நிகர் கணினியை இயக்கும் விர்ச்சுவல்பாக்ஸில் பழகுங்கள். பாடக் குறிப்புகளை வேறிடத்தில் படியெடுத்து வையுங்கள். மலைமடிப்பில் சிக்னல் விட்டுவிட்டு வரும்; எனவே நிறுவும் வழிகாட்டியை முன்கூட்டியே இறக்கி வாசித்து முடியுங்கள். புதுப்பிக்கும்போது ஒரு மென்பொருளை மட்டும் தனியே புதுப்பிக்காமல் முழு முறைமையையும் சேர்த்துப் புதுப்பியுங்கள். அதற்கு முன் ஆர்ச்சின் முகப்புப் பக்கத்து அறிவிப்புகளைப் பார்த்துவிடுங்கள்.

தமிழும் தானாக வராது. நோட்டோ எழுத்துருக்களை நிறுவும்வரை எழுத்துகளின் இடத்தில் கட்டங்கள்தான் தெரியக்கூடும். மொழி அமைப்புக் கோப்பைத் திறந்தால் இலங்கைத் தமிழுக்கென்றே ஒரு வரி இருக்கும். அதன் முன்னாலுள்ள குறியை அழித்து, மொழித் தரவை உருவாக்கும் கட்டளையைக் கொடுத்தால் அது செயற்படும்.

வினெட் தமக்குப் போதாததைத் தாமே எழுதி உலகுக்குக் கொடுத்தார். அவர் எழுதிய நிரல் யாரும் வாசிக்கலாம், திருத்தலாம் என்று திறந்தே கிடக்கிறது. மலையகத்துப் பிள்ளையிடம் அது காசு கேட்கவில்லை. வாசிப்பும் பொறுமையும் மட்டுமே கேட்கிறது. இன்று நிறுவப் பழகும் கை நாளை தமிழுக்கு வேண்டிய ஒரு கருவியை எழுத வேண்டும் என்பதே என் ஆசை.