கோகோ விவசாயியின் கணக்கில் எழுதப்படாத உழைப்பு

கானாவின் சிறு கோகோ விவசாயிகளுக்கு வணிகப் பயிற்சி அளிக்கும் திட்டங்களைப் பற்றி வாசிக்கும் மாணவர்கள் பலர், அங்குள்ள விவசாயி வரவு செலவு அறியாதவர், பழக்கத்தின் போக்கில் பயிரிடுபவர் என்ற எண்ணத்துடனேயே விவாதத்துக்கு வருகின்றனர். ஜி.ஐ.இசட். என்னும் ஜெர்மன் வளர்ச்சி நிறுவனம் 2010 முதல் மேற்கு ஆப்பிரிக்காவில் பரப்பிவரும் 'விவசாயி வணிகப் பள்ளி' போன்ற முயற்சிகளின் பெயரே அந்த எண்ணத்துக்கு இடம் தருகிறது. வரலாறு அதற்கு இடம் தருவதில்லை.

காலனிய ஆட்சி தங்கக் கடற்கரை என்று அழைத்த அந்நாட்டிலிருந்து 1891இல் ஏற்றுமதியான கோகோ வெறும் 80 பவுண்டு. 1911இல் அது ஏறத்தாழ 40,000 டன், உலகிலேயே முதலிடம். இதை நிகழ்த்தியவர்கள் ஐரோப்பியத் தோட்ட முதலாளிகள் அல்லர். அக்வாபிம் மலைத்தொடரைச் சேர்ந்த மக்கள், பனை எண்ணெய், ரப்பர் வணிகத்தில் ஈட்டிய பணத்தைக் கொண்டு அக்கிம் அபுவாக்வா தலைவர்களிடம் காட்டு நிலத்தை விலைக்கு வாங்கினர். உறவினர் அல்லாதோரும் சேர்ந்து 'கம்பெனி' அமைத்தனர். பெரும் பரப்பை ஒன்றாகப் பேரம் பேசி வாங்கி, அவரவர் செலுத்திய தொகைக்கேற்ப நீண்ட பட்டைகளாகப் பிரித்துக்கொண்டனர். ஒரு நிலத்தின் வருவாய் அடுத்த நிலத்துக்கு முதலாயிற்று. ஆற்றுக்குப் பாலம் கட்டவும் தம் பணத்தையே செலவிட்டனர். 1963இல் வெளிவந்த தம் நூலில் பாலி ஹில் இவர்களை முதலாளிகள் என்றே வகைப்படுத்தினார். (அந்நூலை மேற்கோள் காட்டுவோர் நம்மிடையே பலர், முழுதும் வாசித்தோர் குறைவு.)

1937இன் இறுதியில் ஐரோப்பியக் கொள்முதல் நிறுவனங்கள் தமக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டு போட்டியை ஒழித்தபோது, இதே விவசாயிகள் 1938 ஏப்ரல் வரை கோகோவை விற்க மறுத்தனர். நோவெல் தலைமையில் பிரிட்டன் விசாரணைக் குழு அனுப்ப நேர்ந்தது. 1947இல் கோகோ சந்தை வாரியம் உருவானது. அதன் பின் விலை வாரியத்தின் முடிவு. பேரம் பேசும் இடம் விவசாயிக்கு இல்லாது போயிற்று. கணக்கறிவு மிக்கவராயினும் விலையைத் தீர்மானிக்க முடியாத ஒருவருக்குப் பயிற்சி எதில் உதவக்கூடும்? நிலத்தையும் உழைப்பையும் பகிர்வதில்தான். அங்கேதான் பழைய கணக்கின் குறையும் இருக்கிறது.

கோகோக் கன்று காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை கன்றுகளுக்கு நிழலாகவும் குடும்பத்துக்கு உணவாகவும் இருப்பவை ஊடுபயிரான வாழையும் சேம்பும். அவற்றை நட்டுப் பேணுவதில் மனைவியரின் பங்கு பெரிது. மரங்கள் படர்ந்து நிழல் மூடியதும் உணவுப் பயிருக்கு இடமில்லை; வருமானம் தொடங்கும் அந்த நேரத்தில் தோட்டம் கணவனுடையதாகிவிடுகிறது. வாரத்துக்கு உழைத்த 'அபுசா' தொழிலாளிக்கு விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு உண்டு. மனைவிக்கு அத்தகைய வரையறுத்த பங்கு இல்லை. அக்கான் மக்களிடம் மருமக்கள்வழி முறை நிலவியதால், கணவன் இறந்தால் நிலம் அவனுடைய தாய்வழி உறவினரைச் சேரும். அவன் உயிரோடிருக்கையில் சாட்சிகள் முன் அளித்த கொடை ஒன்றே மனைவிக்குக் காப்பு. 1985ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டம் மனைவிக்கும் மக்களுக்கும் பங்கு வகுத்தது. ஆயினும் குலச்சொத்து அதன் வரம்புக்கு வெளியே நின்றது.

வணிகப் பள்ளியின் பாடங்களில் குடும்பத்தின் உணவுத் தேவையைத் திட்டமிடுவதும் இடம்பெறுவது பாராட்டத்தக்கது. எனினும் குடும்ப உழைப்புக்கு விலை எழுதாதவரை எந்தத் தோட்டமும் இலாபகரமாகவே தோன்றும். விலை எழுதினாலோ, அந்த உழைப்புக்கு உரியவர் யார் என்ற கேள்வி எழும்.

நலனை அளக்கும் ஆய்வுகளிலும் இதே சிக்கல் உண்டு. வருவாயைக் குடும்பத்தினர் எண்ணிக்கையால் வகுப்பவர், வீட்டில் ஒரே பணப்பை இருப்பதாகக் கொள்கிறார். அக்கான் குடும்பங்களில் கணவனும் மனைவியும் தனித்தனிப் பணப்பை வைத்திருப்பது இயல்பு. எனவே இத்துறையில் களப்பணி செய்யவிருக்கும் மாணவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இது: ஆண்டு வருவாய் உயர்ந்ததா என்று கணவனிடம் மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். முதன்மை அறுவடைக்கு முந்தைய நெருக்கடி மாதங்களில் வீட்டுக்கு உணவு வாங்கியது யாருடைய பணம் என்று மனைவியிடம் தனியே கேளுங்கள்.