தண்ணீர் வற்றினாலும் உப்பு வற்றாது

2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் ஊருக்குள் வந்து போன பிறகு, கல்முனைக்குடியில் எங்களுக்கு மிஞ்சியது நான்கு சுவரும் ஒரு கிணறும் கிணற்றடியில் இருந்த தண்ணீர் மோட்டரும்தான். வாப்பா அந்த மோட்டரைக் கழற்றி வெயிலில் காய வைத்தார். காய்ந்த பின் பூட்டினார், ஓடியது. ‘நல்ல மோட்டர்’ என்று எல்லோரும் சொன்னோம்.

அடுத்த மாரி மழையில், ஒரு சுபஹு நேரம், வுழூ எடுத்த ஈரக் காலோடு மோட்டரில் கை வைத்தவர் தூக்கி எறியப்பட்டார். உயிர் தப்பினார். கை நடுக்கம் தீரப் பல நாள் எடுத்தது. அந்த நாட்களில் அவர் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே கேள்வி: “பியூஸ் போகல்லியே, பொறகு எப்படி கரண்ட் அடிச்ச?”

அந்தக் கேள்விக்குரிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். கடலோரத்திலும் வாவியோரத்திலும் வெள்ளம் ஏறும் ஊர்களிலும் குடியிருக்கும் எல்லோருக்கும் இது தேவைப்படும்.

ஓமின் விதி சொல்லும் கணக்கு

ஜேர்மனியரான ஜோர்ஜ் சைமன் ஓம் 1827 இல் வெளியிட்ட விதி மிக எளியது. ஒரு பாதையில் ஓடும் மின்னோட்டம், வோல்ற்றளவைத் தடையால் பிரித்தால் வருவதாகும். நமது வீடுகளுக்கு வருவது 230 வோல்ற். அது மாறுவதில்லை. மாறுவது தடைதான்.

காய்ந்த தோலுள்ள உடலின் தடை பல ஆயிரம் ஓம் இருக்கும். தோல் நனைந்தால் அது ஏறத்தாழ 1000 ஓமுக்கு இறங்கிவிடலாம். 230 ஐ 1000 ஆல் பிரித்தால் 0.23 அம்பியர், அதாவது 230 மில்லியம்பியர். ஏறத்தாழ 10 மில்லியம்பியரிலேயே கைத்தசை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகலாம். 50 மில்லியம்பியர் அளவு மார்பின் ஊடாக ஒரு சில விநாடி ஓடினால் இதயத்துடிப்புக் குழம்பி உயிர் போகலாம்.

எங்கள் மோட்டருக்குப் போட்டிருந்த பியூஸ் 15 அம்பியர். அது அறுவதற்கு 15 அம்பியருக்கு மேல் ஓட வேண்டும். வாப்பாவின் உடலில் ஓடியது அதில் நூறில் ஒரு பங்கு அளவாகத்தான் இருந்திருக்கும். ஓர் ஆளைக் கொல்லப் போதுமான மின்னோட்டம் பியூஸுக்குத் தெரியவே தெரியாது. பியூஸ் வயர் எரியாமல் காக்கிறது. ஆளைக் காக்க அது செய்யப்பட்டதல்ல.

மின்னைக் கடத்துவது உப்பு

தண்ணீர் மின்னைக் கடத்தும் என்றுதான் படித்திருக்கிறோம். உண்மையில் முற்றாகத் தூய்மையாக்கிய தண்ணீர் மின்னை மிக மிகக் குறைவாகவே கடத்தும். கடத்துவது அதில் கரைந்திருக்கும் உப்பு. உப்புக் கரையும்போது சோடியம் அயனாகவும் குளோரைட் அயனாகவும் பிரிகிறது. ஏற்றமுள்ள இந்த அயன்கள் நகர்வதே திரவத்தில் மின்னோட்டம். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அதனால் அது தூய தண்ணீரைவிடப் பல இலட்சம் மடங்கு நன்றாக மின்னைக் கடத்தும். செம்பு கடல்நீரைவிடவும் ஒரு கோடி மடங்குக்கு மேல் சிறந்த கடத்தி. ஆனால் ஓர் ஆளுக்கு ஆபத்து வரச் செம்பு தேவையில்லை, உப்பு ஈரம் போதும்.

எங்கள் மோட்டருக்கு நடந்ததும் இதுதான். வெயிலில் தண்ணீர் ஆவியாகிப் போனது. உப்பு போகவில்லை. அது சுருள் கம்பியிலும் இணைப்புகளிலும் படிந்து நின்றது. காய்ந்த உப்பு மின்னைக் கடத்தாது, ஆகவே கோடையில் குறை தெரியவில்லை. கடல் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மாரி வந்ததும் அது நனைந்து, உள்ளே இருந்த மின்னுக்கு இரும்பு உடல்வரை பாதை போட்டுக் கொடுத்தது.

சுவிச், பிளக் பொயின்ட், பிரிட்ஜ், மின்விசிறி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். வெள்ளநீரிலும் கரைந்த உப்புகளும் சேறும் உண்டு. 2024 நவம்பர் இறுதியில் அம்பாறைக் கரையோரம் வெள்ளத்தில் மூழ்கியபோதும் காய வைத்துப் பூட்டிய பொருட்கள் பல வீடுகளில் இருந்தன.

எர்த் கம்பி மட்டும் போதுமா?

எங்கள் மோட்டரின் எர்த் கம்பி, நிலத்தில் அடித்த கம்பியோடு சேரும் இடத்தில் துருப்பிடித்து அறுந்திருந்தது. உப்புக் காற்று வீசும் ஊர்களில் முதலில் பழுதாவது இந்த இணைப்புத்தான்.

அது அறுந்திராவிட்டாலும் பியூஸ் போயிருக்காது. மேல்மணல் காய்ந்திருந்தால் எர்த்தின் தடை எளிதில் 50 ஓம் வரும். 230 ஐ 50 ஆல் பிரித்தால் 4.6 அம்பியர். 15 அம்பியர் பியூஸ் அப்படியே இருக்கும், மோட்டரின் உடலிலும் மின் நிற்கும். அதனால்தான் எர்த்தோடு ட்ரிப் சுவிச்சும் வேண்டும்.

ட்ரிப் சுவிச் எப்படி அறிகிறது?

1845 இல், மாணவராக இருந்தபோதே, குஸ்தாவ் கேர்க்கோவ் இரண்டு விதிகளைச் சொன்னார். முதலாவது: ஒரு சந்திக்குள் எவ்வளவு மின்னோட்டம் வருகிறதோ அவ்வளவும் வெளியேற வேண்டும். இடையில் எதுவும் காணாமல் போகாது.

ட்ரிப் சுவிச் இந்தக் கணக்கைத்தான் ஓயாமல் பார்க்கிறது. உயிர்க்கம்பி வழியே போனது நொதுமல் கம்பி வழியே திரும்ப வேண்டும். குறைந்து வந்தால், மீதி எங்கோ நிலத்துக்கு ஒழுகுகிறது. அது ஓர் ஆளின் உடலாகவும் இருக்கலாம். வீடுகளுக்கான ட்ரிப் சுவிச், வித்தியாசம் 30 மில்லியம்பியரை எட்டுமுன் அல்லது எட்டியதும் கண்மூடித் திறப்பதற்குள் மின்னைத் துண்டிக்கும். ஒன்றை மறக்க வேண்டாம்: ஒருவர் உயிர்க்கம்பியையும் நொதுமல் கம்பியையும் ஒன்றாகப் பிடித்தால் கணக்குச் சரியாகவே இருக்கும். அப்போது அது காப்பாற்றாது.

போருக்குப் பின் மீளக் குடியேறிய பல இடங்களில் பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு கம்பி வயர் இழுத்து விளக்கெரித்தவர்கள் உண்டு. அந்த வயரில் எர்த் வராது. இன்னும் அப்படி இருந்தால் முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான்.

செய்ய வேண்டியவை

வெள்ளம் வருமென்று தெரிந்தால், காய்ந்த தரையில் நின்று மெயின் சுவிச்சை அணையுங்கள். தண்ணீர் ஏறிவிட்டால் அதில் இறங்கிப் போய் அணைக்க வேண்டாம். மின்சார சேவையின் 1987 இலக்கத்துக்கு அழையுங்கள்.

நனைந்த மின்பொருளைக் காய வைப்பது மட்டும் போதாது. மின்வேலை தெரிந்தவர் அதைத் திறந்து, நல்ல தண்ணீரால் உப்பைப் போக்கி, காய வைத்து, ஒழுக்கு இருக்கிறதா என்று அளந்த பிறகே பூட்ட வேண்டும். நனைந்த சுவிச்சையும் பிளக் பொயின்டையும் மாற்றிவிடுவதே நல்லது.

ஒருவரை மின் பிடித்தால் கையால் தொடாதீர்கள். மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த பலகையாலோ பிளாஸ்ரிக் கதிரையாலோ அவரை விலக்குங்கள். மூச்சு இல்லையென்றால் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்கி, 1990 அம்புலன்ஸை அழைக்கச் சொல்லுங்கள்.

ட்ரிப் சுவிச்சில் ‘ரெஸ்ட்’ என்று ஒரு சிறு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்த வேண்டும். அழுத்தியதும் சுவிச் விழவில்லையென்றால் அது பழுது. வாப்பாவின் கேள்விக்குப் பிறகு எங்கள் வீட்டில் ட்ரிப் சுவிச் பூட்டினோம். ஒவ்வொரு மாதமும் அந்தப் பொத்தானை அழுத்திப் பார்த்தவர் அவர்தான்.