வாசலில் வைத்த பிள்ளை: கிள்ளான் பள்ளத்தாக்கில் கிறித்துவக் குழந்தை இல்லங்களும் ‘அநாதை’ என்ற சொல்லும்

செராஸ் வட்டாரத்தின் இரண்டு கட்டடங்களிலிருந்து தொடங்கலாம். ஒன்று ஜாலான் பீலில் உள்ள கான்வென்ட் பள்ளி. மற்றது பண்டார் துன் ரசாக் பக்கம் இருக்கும் தெங்கு புத்ரியா குழந்தைகள் இல்லம். முன்னதன் வேர் பிரெஞ்சுக் கன்னியர் மடம் ஒன்றில் இருக்கிறது. பின்னது சமூக நல இலாகா நடத்துவது. 1960 முதல் 1965 வரை பேரரசியாராக இருந்தவரின் பெயரைத் தாங்கியது. ஆதரவற்ற பிள்ளை யார் பொறுப்பு என்ற கேள்வி மடத்திலிருந்து இலாகாவுக்கு நகர்ந்த கதை ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. அந்த நகர்வில் ‘அநாதை’ என்ற சொல்லின் பொருளே மாறிப்போனது அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை. இக்கட்டுரை பின்தொடர்வது அதைத்தான்.

மலாயாவில் இப்பணியின் தொடக்கம் பினாங்கு. சிங்கப்பூரில் ஊழியம் செய்த பாரிஸ் மறைப்பணிச் சபைக் குருவான பெரெல் அடிகளாரின் அழைப்பின் பேரில் குழந்தை இயேசு சபைக் கன்னியர் 1852இல் பினாங்கு வந்தனர். அவ்வாண்டின் இறுதியில் அன்னை மத்தில்டு வந்து சேர்ந்தார். 1854 பிப்ரவரியில் அவர் மூன்று கன்னியருடன் சிங்கப்பூருக்குப் போய் விக்டோரியா சாலையில் மடம் திறந்தார். அந்த மடத்தின் பக்கச் சுவரில் ஒரு சிறு கதவு உண்டு. ‘நம்பிக்கை வாசல்’ என்று அதற்குப் பெயர். பெற்றவர்கள் கைக்குழந்தையைத் துணியில் சுற்றியோ கூடையில் வைத்தோ அங்கே விட்டுப் போவார்கள். பெரும்பாலும் பெண் குழந்தைகள். வறுமை முதல் காரணம்; புலி ஆண்டில் பிறந்த பெண் குடும்பத்துக்கு ஆகாது என்ற சீனர் நம்பிக்கையும் உண்டு. விட்டுப் போனவர் யாரென்று அந்த வாசலில் யாரும் கேட்டதில்லை.

1899இல் இதே சபை கோலாலம்பூரில் புக்கிட் நானாஸ் குன்றில் கான்வென்ட் தொடங்கியது. முறை பினாங்கில் கண்டதுதான்: ஒரே வளாகத்தில் கட்டணம் செலுத்திப் படிக்கும் மாணவியர், பக்கத்திலேயே அநாதைப் பிள்ளைகள். முன்னவரின் கட்டணமும் ஊராரின் நன்கொடையும் பின்னவரின் சோற்றுக்கு உதவின. இந்தப் பிள்ளைகள் தையலும் பூத்தையலும் கற்றார்கள்; அவர்கள் தைத்தவையும் விற்பனைக்குப் போயின. வளர்ந்தபின் சிலர் கன்னியரானார்கள். சிலருக்கு மடமே மாப்பிள்ளை பார்த்தது. குற்றுயிராக வந்து சேர்ந்த குழந்தைக்கு மருந்தோடு ஞானஸ்நானமும் கொடுக்கப்பட்டது. அக்கன்னியரின் இறையியலில் உடலைக் காப்பதும் ஆன்மாவைக் காப்பதும் ஒரே வேலை. இன்று வாசிக்கும்போது இது நெருடத்தான் செய்கிறது. ஆனால் அந்தக் குழந்தையை எடுத்துக்கொள்ள அன்று வேறு கை பெரிதாக இல்லை என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

தமிழ்ப் பிள்ளைகள் இந்த வாசலுக்கு வந்தது குறைவு என்றே கருதுகிறேன். காரணம் தோட்டத்தின் அமைப்பு. ரப்பர் வளர்ந்த தொடக்க ஆண்டுகளில் கிள்ளான் பகுதியில் மலேரியா ஆட்களைக் கொத்துக் கொத்தாகக் கொண்டுபோனது. மால்கம் வாட்சனின் புகழ்பெற்ற மலேரியா ஒழிப்புப் பணி 1901 முதல் கிள்ளானில் நடந்ததும் அதனால்தான். தாய் தகப்பனை இழந்த பிள்ளையைப் பெரும்பாலும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் யாராவது ஒரு சித்தியோ ஊர்க்காரரோ சேர்த்துக்கொண்டார். பகலில் ஆயாக் கொட்டகை, கொஞ்சம் வளர்ந்தால் வெளிக்காட்டு வேலை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்று தொழிலாளர் சட்டம் சொன்னது. அநாதைப் பிள்ளைக்கு அது தனியாக ஒன்றும் சொல்லவில்லை. தோட்டத்துக்கு அவன் நாளைய ஆள், அவ்வளவுதான். தமிழரிடையே ஊழியம் செய்த மெதடிஸ்டுகளும், தரங்கம்பாடி மரபில் வந்த பிரிக்ஃபீல்ட்ஸ் லூத்தரன்களும் வழிபாட்டிலும் பள்ளியிலும்தான் முதலில் ஊன்றி நின்றார்கள்.

இந்த லயத்து ஏற்பாட்டை முறித்தது ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில். 1942க்கும் 1945க்கும் இடையில் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுபோகப்பட்டனர். திரும்பாதவர்களின் பிள்ளைகளை ஏற்க லயங்களில் போதிய பெரியவர்களே இல்லை. 1946இல் சமூக நல இலாகா அமைந்தது; 1947இல் சிறார், இளையோர் சட்டம் வந்தது. ஆதரவற்ற பிள்ளை முதன்முறையாக அரசாங்கத்தின் கோப்புக்குள் நுழைந்தது.

கான்வென்ட் சுவருக்குள் நடப்பது பொது அரசியலாக வெடித்ததும் இக்காலத்தில்தான். மலாய்த் தாய் ஒருவரிடம் முஸ்லிமாக வளர்ந்த டச்சுச் சிறுமி மரியா ஹெர்டோக், அவளை யார் வளர்ப்பது என்ற வழக்கின்போது சிங்கப்பூரில் ஒரு கன்னியர் மடத்தில் தங்கவைக்கப்பட்டாள். மாதா சுரூபத்தின் அருகே அவள் நிற்கும் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. 1950 டிசம்பரில் மூண்ட கலவரத்தில் 18 பேர் இறந்தனர். அதன்பின் இந்த வட்டாரத்தில் எந்தக் கிறித்துவ இல்லமும் ஒரு பிள்ளையின் மதத்தைத் தன் வீட்டு விஷயமாகக் கருத முடியவில்லை. பதினெட்டு வயதுக்குக் கீழானவரின் மதத்தைப் பெற்றோரோ பாதுகாவலரோ தீர்மானிப்பர் என்று மலேசிய அரசியலமைப்பின் 12(4) பிரிவு சொல்கிறது. ‘பாதுகாவலர்’ என்ற அந்தச் சொல்லில்தான் இல்லங்கள் மீதான சந்தேகம் இன்றும் குடியிருக்கிறது.

இந்துக்கள் தரப்பின் பதில் வாதத்தைவிடக் கட்டடமாகவே வந்தது என்பது நல்ல செய்தி. சுவாமி சத்தியானந்தா 1949இல் நிறுவிய சுத்த சமாஜம் பூச்சோங் சாலையில் பிள்ளைகளுக்கு இல்லம் அமைத்தது. 1961இல் அவர் மறைந்த பிறகும் அன்னை மங்களம் அதைப் பல பத்தாண்டுகள் நடத்தினார். சமய வேறுபாட்டை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அன்றாட முறையில் அது கான்வென்ட்டுக்கு ஒன்றுவிட்ட தங்கைதான்.

 1959இல் கபிரியேல் சபைச் சகோதரர்கள் தொடங்கிய, இன்று ஷா ஆலமில் இயங்கும் மொன்ஃபோர்ட் பாய்ஸ் டவுன் வேறொரு திருப்பம். அங்கே வந்தவர்கள் கைக்குழந்தைகள் அல்லர். படிப்பை விட்ட, வசதியற்ற வீட்டு இளைஞர்கள். வெல்டிங், அச்சு, தச்சு, வாகனப் பழுது என்று கைத்தொழில் கற்றுக்கொடுத்தார்கள். பிள்ளைக்குக் குடும்பம் இருக்கலாம், ஆனால் பிழைக்க வழி இல்லை என்ற புரிதல் இங்கே நுழைகிறது. நாடு விடுதலை பெற்றபின் வெளிநாட்டு மிஷனரிகள் தங்கும் காலத்துக்குக் குடிநுழைவு விதிகள் வரம்பு கட்ட, பொறுப்பு உள்ளூர்க் கைகளுக்கு வந்தது.

மிகப் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது மதமோ சட்டமோ அல்ல, நிலம். 1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடலைத் தடுக்கத்தான் 1960இல் துன் சம்பந்தன் தொழிலாளரின் பத்துப் பத்து வெள்ளியில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை எழுப்பினார். அது காப்பாற்றிய தோட்டங்கள் உண்டு. கிள்ளான் பள்ளத்தாக்கை வீடமைப்புத் திட்டங்கள் விழுங்குவதை அதனால் நிறுத்த முடியவில்லை. சீஃபீல்ட் தோட்டம் 1976 முதல் சுபாங் ஜெயா ஆனது. லயத்துக்காரர்கள் புறம்போக்குக்கும், பின்னர் மலிவுவிலை அடுக்குமாடிக்கும் போனார்கள். ஆயாக் கொட்டகை கூடவே போகவில்லை. பக்கத்து வீட்டுச் சித்தியும் போகவில்லை. அவள் வேறு மாடியில், வேறு ஊரில். தகப்பன் குடித்து, தாய் தொழிற்சாலையில் இரவு வேலைக்குப் போனால் பிள்ளை பூட்டிய வீட்டில் இருந்தது.

1981இல் பெட்டாலிங் ஜெயாவில் ஷெல்டர் இல்லம் தொடங்கியது. அதையடுத்து கிள்ளான், பெட்டாலிங் ஜெயா, செராஸ் என்று வாடகை டெரஸ் வீடுகளில் சிறு சிறு இல்லங்கள் முளைத்தன. நடத்தியவர்களில் பலர் உள்ளூர்ச் சபைகளின் போதகரும் அவர் மனைவியும். அங்கிருந்த பிள்ளைகளில் கணிசமானோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். ஆனாலும் வாசல் பலகையில் அநாதை என்றே எழுதப்பட்டது. நன்கொடை அந்தச் சொல்லுக்குத்தான் வருகிறது. தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் நிறுவனங்கள் அரிசி மூட்டையும் மைலோ டின்னுமாக வந்து படம் எடுத்துக்கொண்டு போகின்றன. மார்ச் மாதத்து மின்கட்டணத்துக்கு எவரும் படம் எடுக்க வருவதில்லை. அம்மா உயிரோடு இருக்கும் பிள்ளையை ‘அநாதை’ என்று அறிமுகப்படுத்தும்போது அந்தப் பிள்ளை எந்தப் பக்கம் பார்க்கும் என்பதை எந்த ஆண்டறிக்கையும் எழுதுவதில்லை.

1990இல் கோலாலம்பூரில் இரண்டு வயதுத் தமிழ்க் குழந்தை ஒன்று வதைபட்டு இறந்தது நாட்டை உலுக்கியது. 1991இல் குழந்தைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டம் நான்கு பேருக்கோ அதற்கு மேலோ இடம் தரும் இல்லங்களைப் பதிவுக்குள் கொண்டுவந்தது. 2001இல் சிறார் சட்டம் பழைய சட்டங்களை ஒன்றாக்கியது. போதகர் வீட்டு இல்லத்துக்கு இனித் தீயணைப்பு இலாகாவின் ஒப்புதலும் வேண்டும், கோப்பும் வேண்டும்.

கோப்பு என்றதும் பழைய வாசல் நினைவுக்கு வருகிறது. பெற்றோர் தெரியாத பச்சிளங்குழந்தை இந்த மண்ணில் கண்டெடுக்கப்பட்டால் அது இங்கே பிறந்ததாகவே கொள்ளப்படும் என்று அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை சொல்கிறது. அப்படிப்பட்ட ஒருவரின் குடியுரிமையைக் கூட்டரசு நீதிமன்றம் 2021 நவம்பரில்தான் உறுதிசெய்தது. பெற்றவர் பெயர் தெரிந்தும் திருமணம் பதியாத, அல்லது நிரந்தரவாசிக்கான சிவப்பு அடையாள அட்டையோடே காலம் கழித்த குடும்பத்துப் பிள்ளைக்கு அந்த வழியும் எளிதாக இல்லை. விக்டோரியா சாலைக் கன்னியர் கேட்காமல் விட்டதைத்தான் இன்றைய இல்லத்தின் பொறுப்பாளர் முதலில் கேட்கிறார்: பிறப்புப் பத்திரம் இருக்கிறதா? இருக்காது. பன்னிரண்டு வயதில் வகுப்புப் பிள்ளைகளெல்லாம் மைகாட் அடையாள அட்டை எடுக்கப் போகும்போது அந்தப் பிள்ளை மட்டும் இல்லத்தில் இருக்கும்.