வராத கடிதமும் வந்த கணக்குதான்

நம்மூரில் தபால் தாமதமாக வருவதை யாரும் இப்போது செய்தியாகப் பேசுவதில்லை. பழகிவிட்டது. பாலிசி நோட்டீஸ், வங்கிக் கடிதம், தாலுகா ஆபீஸ் பதில் எதுவானாலும் "எதுக்கும் நேர்ல ஒரு நடை போய்ட்டு வந்துடுங்க" என்பதுதான் வீட்டில் கிடைக்கும் யோசனை. அந்த ஒரு நடையை நம் தலையிலிருந்து இறக்கி வைக்கத்தான் தபாலே வந்தது. அது எப்படி மறுபடி நம் தலையில் ஏறியது என்பதைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம்.

சென்னையில் பொது அஞ்சலகம் 1786-ல் தொடங்கியது. அப்போதெல்லாம் தூரத்தையும் எடையையும் வைத்துக் கட்டணம். ஈட்டியும் சலங்கையுமாக ஓடும் தபால் ஓட்டக்காரர்கள் பையைச் சுமந்தார்கள். சாதாரண குடியானவனுக்கு அது எட்டாத விஷயம். 1854 அக்டோபர் 1 முதல் நிலைமை மாறியது. கால் தோலா எடையுள்ள கடிதத்துக்கு, தூரம் எவ்வளவானாலும், அரை அணா. 1879 ஜூலையில் கார்டு வந்தது, விலை கால் அணா. அடுத்த ஆண்டே மணியார்டரும் தபால் இலாகாவின் கைக்கு வந்தது. கால் அணா கொடுத்தால் நமக்காக இன்னொருவர் நடப்பார் என்பதுதான் இதன் பொருள்.

நமக்கு ரயிலும் துணையாக வந்தது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856-ல் ரயில் ஓடியது, அரக்கோணம் வழியாக. அரக்கோணத்தில் பிரிந்து ரேணிகுண்டா, கடப்பை என்று போன பாதை 1871-ல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு சேர்ந்தது. அந்தப் பாதையில்தான் திருத்தணி இருக்கிறது. பம்பாய் மெயிலுக்கு "மெயில்" என்று பெயர் வந்ததே தபால் சுமந்ததால்தான். ஆர்.எம்.எஸ். பெட்டியிலேயே அப்போது கடிதங்களைப் பிரித்தார்கள். ஊர்த் தபால்பெட்டியில் போடத் தவறியவர்கள் கூடுதல் தலை ஒட்டி அந்தப் பெட்டியின் சந்திலேயே போட முடிந்தது.

ரயில் சரியாக ஓடியது. முகவரிதான் ஓரிடத்தில் நிற்கவில்லை. கார்வேட் நகர் ஜமீனைச் சேர்ந்திருந்த நம்மூர், வட ஆற்காடு ஜில்லாவில் இருந்தது. 1911-ல் சித்தூர் ஜில்லா உண்டானபோது அதில் சேர்ந்தது. 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூரோடு நாமும் அங்கே போனோம். ம.பொ.சி., மங்கலங்கிழார் போன்றவர்களின் எல்லைப் போராட்டம், படாஸ்கர் தீர்ப்பு, 1959-ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாம் முடிந்து 1960 ஏப்ரல் 1-ல் சென்னை மாநிலத்துக்குத் திரும்பினோம், செங்கல்பட்டு மாவட்டத்தில். 1969-ல் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு ஆனது. 1997-ல் திருவள்ளூர் மாவட்டம். சன்னதித் தெருவில் ஒரே வீட்டில் பிறந்து அங்கேயே கிழவரான ஒருவர், வீட்டை விட்டு நகராமலே மூன்று மாவட்டங்களையும் நான்கு மாநிலப் பெயர்களையும் பார்த்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் கலெக்டர் ஆபீஸுக்குப் போகும் திசை மட்டும் மாறியது. முதலில் மேற்கே சித்தூர், பிறகு சைதாப்பேட்டை, அடுத்து தெற்கே காஞ்சிபுரம், இப்போது கிழக்கே திருவள்ளூர்.

இந்தக் குழப்பத்துக்கு மருந்தாக வந்தது பின்கோடு. மத்திய தகவல் தொடர்பு அமைச்சகத்தில் அதிகாரியாகவும் சமஸ்கிருதக் கவிஞராகவும் இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் வகுத்த முறை. 1972 ஆகஸ்ட் 15-ல் நடைமுறைக்கு வந்தது. ஒரே பெயரில் பல ஊர்கள், பல மொழிகள், புரியாத கையெழுத்து, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆறு எண்கள். 5-ல் தொடங்கினால் ஆந்திரா, தெலங்கானா, கர்நாடகா. 6-ல் தொடங்கினால் தமிழ்நாடு, கேரளம். நம்முடையது 631209. பொன்பாடியைத் தாண்டிப் போனால் வரும் நகரிக்கு 517590. இரண்டுக்கும் நடுவே சில ரயில் நிலையங்கள்தான், ஆனால் தபால் கணக்கில் வேறு வேறு மண்டலம்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. முதல் மூன்று எண்கள் கடிதம் பிரிக்கப்படும் பகுதியைக் குறிப்பவை. நம் 631 என்பது அரக்கோணத்தோடும் காஞ்சிபுரத்தோடும் சேர்ந்தது. மாவட்டத் தலைநகரான திருவள்ளூருக்கு 602001. வருவாய்த் துறையின் வரைபடம் வேறு, தபால் துறையின் வரைபடம் வேறு. வெளியூர் ஆபீஸ்களுக்கு இது தெரியாது.

சில வருடங்களுக்கு முன் எனக்கு ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் நினைவூட்டல் கடிதம், கெடு முடிந்து பதினெட்டு நாள் கழித்து வந்தது. உறையில் செங்கல்பட்டு மாவட்டம் என்று அச்சடித்து, 602-ல் தொடங்கும் பின்கோடு போட்டிருந்தார்கள். நான் எழுதிக் கொடுத்த படிவத்தில் எல்லாம் சரியாகவே இருந்தது. சென்னைக்கு ரயிலேறிப் போய்க் கேட்டால், "நாங்க அனுப்பிட்டோமே சார்" என்றார்கள். அபராதத்தைக் கட்டிவிட்டுத்தான் திரும்பினேன்.

"அனுப்பிட்டோமே" என்ற அந்தச் சொல்லுக்குப் பின்னால் இரண்டு பழைய சட்டங்கள் நிற்கின்றன. 1898-ஆம் ஆண்டு அஞ்சலகச் சட்டத்தின் 6-ஆம் பிரிவுப்படி, கடிதம் தொலைந்தாலும் தாமதமானாலும் வேறு கைக்குப் போனாலும் அரசுக்குப் பொறுப்பில்லை. ஊழியர் மோசடியாகவோ வேண்டுமென்றோ செய்திருந்தால் மட்டும் அந்த ஊழியர் பொறுப்பு. அதற்கு ஓராண்டு மூத்தது 1897-ஆம் ஆண்டுப் பொது விதிகள் சட்டம். சட்டப்படி தபாலில் அனுப்ப வேண்டிய ஒன்றைச் சரியான முகவரி எழுதி, தலை ஒட்டி, ரிஜிஸ்டர் தபாலில் போட்டுவிட்டால் அது போய்ச் சேர்ந்ததாகவே கொள்ள வேண்டும் என்கிறது அதன் 27-ஆம் பிரிவு. வரவில்லை என்றால் அதை நாம்தான் நிரூபிக்க வேண்டும். செக் திரும்பிய வழக்கு நோட்டீஸுக்கும் இந்த அனுமானம் பொருந்தும் என்று 2007-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

இரண்டையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள். தொலைத்தால் அவர்களுக்குப் பொறுப்பில்லை, தொலைந்தாலும் நமக்கு வந்த கணக்கு. 2023-ல் புதிய அஞ்சலகச் சட்டம் வந்து, 2024 ஜூனில் பழையது போனது. பொறுப்பு விஷயத்தில் பெரிய மாற்றமில்லை.

தபால்காரரைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. வெயிலில் முதியோர் உதவித்தொகையை எண்ணிக் கையில் கொடுத்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்துப் போனவர்களை நமக்குத் தெரியும். 2020 முதல் பென்ஷன்தாரர் வீட்டுக்கே வந்து, விரல்ரேகை வாங்கி, ஆயுள் சான்றிதழ் பதிந்து தருபவரும் அவர்தான். கட்டணம் உண்டு, ஆனால் வரிசையில் நிற்க வேண்டாம். மலைக்கு 365 படி ஏறுவது வேண்டுதல். ஆபீஸ் படி ஏறுவதற்கு அப்படி எந்த வேண்டுதலும் இல்லையே.

ஆகவே நம் வயதுக்காரர்கள் ஒரு காரியம் செய்து வைக்கலாம். வங்கி, காப்பீடு, பென்ஷன் ஆபீஸ் என்று எங்கெல்லாம் நம் முகவரி இருக்கிறதோ அங்கெல்லாம் அது எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். செங்கல்பட்டு என்று இருந்தால் திருவள்ளூர் என்று மாற்றச் சொல்லுங்கள், ஆனால் பின்கோடு 631209 என்றே இருக்கட்டும். 2025-ல் ரிஜிஸ்டர் தபால் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. முக்கியமான கடிதம் அனுப்பினால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தாமதமாக வந்த கடிதத்தின் உறையையும் கிழித்துப் போடாதீர்கள். அதில் இருக்கும் முத்திரைத் தேதிதான் நம் பக்கத்துச் சாட்சி.