எப்பாக்சிப் பிசின்: முழு இறுகலை அறிதல்

எப்பாக்சிப் பிசினும், ஹார்டனர் என வழங்கும் இறுக்கியும் கலந்தபின், இரசாயன வினையால் ஒன்றோடொன்று பிணைந்து, மீண்டும் உருகவோ கரையவோ இயலாத வலைப்பின்னலாக மாறுவது இறுகல் எனப்படும். 1930களின் பிற்பகுதியில் சுவிட்சர்லாந்தின் பியேர் காஸ்டான் ஆராய்ந்து கண்ட இப்பிசின், 1946இல் சீபா நிறுவனத்தாரால் அரால்டைட் என்னும் பெயருடன் விற்பனைக்கு வந்தது. இன்று ஒட்டுவேலை, படகு கட்டுதல், தரைப்பூச்சு, மின்காப்பு ஆகிய தொழில்களில் பயன்படுகின்றது.

அமீன் வகை இறுக்கி சேர்ந்த சாதாரணக் கலவைகள், வினைபுரியத்தக்க தொகுதிகளில் ஏறத்தாழ 60 சதவீதம் பிணைந்த அளவிலேயே வழியும் தன்மையை இழந்து ஜெல் நிலையை அடைகின்றன. பின்னர் வலை மேலும் அடர்ந்து கண்ணாடித் திண்ம நிலையை எய்துகின்றன. குளிர்ந்த சூழலிலோ இத்திண்ம நிலை முன்னதாகவே வந்து, மூலக்கூறுகள் அசைவொடுங்கிப் போவதால், வினை அரைகுறையாய் நிற்கும்போதே பதார்த்தம் கைக்கு உறுதியாகத் தோன்றும். ஆகையால் தொட்டறியும் உறுதி ஒன்றே முழு இறுகலுக்குச் சாட்சியாகாது.

பணிக்கூடப் பரிசோதனைகள் எளியவை. நகத்தை அழுத்தினால் தடம் பதிவதும், அசிட்டோனில் நனைத்த துணியால் தேய்த்தால் மேற்பரப்பு இளகுவதும் குறைபாட்டின் அடையாளங்கள். உப்புத்தாளால் தேய்க்கையில் உலர்ந்த வெண்பொடி உதிர்வது நற்குறி, பிசுபிசுத்துத் தாளை அடைப்பது இறுகாமையின் குறி. ஆயினும் சில அமீன் இறுக்கிகள் காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் கூடி மேலே படியச்செய்யும் மெழுகுப் படலம், வெதுவெதுப்பான நீரில் கழுவ நீங்குவதாதலால், இறுகாமை எனக் கொள்ளத்தக்கதன்று.

ஆய்வுக்கூடத்தில் ஷோர் டி, பார்க்கோல் ஆகிய கருவிகள் கடினத்தன்மையை அளக்கின்றன. அதனினும் நுட்பமானது வெப்ப அளவீடு. மாதிரித் துணுக்கைச் சீராகச் சூடேற்றுகையில், எஞ்சிய தொகுதிகள் பிணைந்து உஷ்ணத்தை வெளியிடுமாயின், அந்த அளவுக்கு இறுகல் குறைந்துள்ளது என்பது பெறப்படும். எப்பாக்சி வளையத்துக்குரியதாய், அகச்சிவப்பு நிறமாலையில் 915 அலையெண் அருகே தோன்றும் பட்டை குன்றுவதும் வினையின் முன்னேற்றத்தைக் காட்டும்.

அறை உஷ்ணத்தில் ஒரு நாளில் கையாளத்தக்கதாகும் கலவைகள் பலவும் முழு வலிமை பெற ஏறத்தாழ ஒரு வாரம் வேண்டும். உஷ்ணம் 10 பாகை உயர்ந்தால் வினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். குளிரால் தடைப்பட்ட இறுகலை மிதமாகச் சூடேற்றிப் பூர்த்தி செய்யலாம். விகிதம் பெரிதும் பிழைத்த கலவையையும், சரிவரக் கலவாத கலவையையும் காலம் திருத்தாதாகையால், சுரண்டி அகற்றுவதே வழி; இறுகாத பிசினும் அதன் தூசியும் தோலில் ஒவ்வாமை விளைக்கவல்லவாதலின், அப்பணியில் கையுறை அவசியம்.